விடிய விடிய மாஸ்டர்ஸ்

கோல்ஃப் கிளப்பைக் கையில் பிடித்து ஒரு பந்துகூட அடித்தவன் இல்லை நான். ஆனாலும் ஏப்ரல் பிறந்துவிட்டால் மனசு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவுக்குப் போய்விடும். அங்கே நடக்கிற மாஸ்டர்ஸ் போட்டியைச் சென்னையில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, வியாழன் தொடங்கி ஞாயிறு வரை ஒரு ஷாட் விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் ஆசைப்படுவேன். ஒரு ஷாட் விடாமல் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. எதை விட்டால் பரவாயில்லை, எதை விடவே கூடாது என்பதுதான் வருடங்கள் போகப் போகப் பிடிபட்டது. கோல்ஃப் பார்க்க ஆசைப்பட்டு, ஒன்றும் புரியாமல் சேனலை மாற்றியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கிரிக்கெட்டில் மைதானத்தில் இருப்பது ஒரே பந்து. உலகமே அந்த ஒரு பந்தைத்தான் பார்க்கிறது. 2025 மாஸ்டர்ஸில் ஆடியவர்கள் 95 பேர். எந்த நேரம் பார்த்தாலும் பத்துப் பதினைந்து இடங்களில் ஒரே சமயத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். கேமரா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். யார் எங்கே நிற்கிறார், அவருக்கு முன்னால் இன்னும் என்ன இருக்கிறது என்ற கணக்கு நம் தலையில் ஓடவில்லை என்றால் நாலு மணி நேரமும் பச்சைப் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், இதைவிடப் பதற வைக்கிற விளையாட்டு வேறு இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அடிப்படை கொஞ்சம்தான். தொடக்க இடத்திலிருந்து குழி வரையான ஒரு பாதைதான் ஒரு ஹோல். அதை நாலு தடவை பந்தை அடித்து, அதாவது 4 அடியில், முடிக்க வேண்டும் என்று வைத்திருந்தால் அது பார் 4. மூன்றில் முடித்தால் பர்டி, மைனஸ் 1. ஐந்தானால் போகி, ஆறானால் டபுள் போகி. பார் 5 ஹோலை மூன்றே அடியில் முடித்தால் ஈகிள். அகஸ்டாவில் 18 ஹோலுக்கும் சேர்த்துப் பார் 72. நாலு நாள் ஆடி, யார் மொத்தத்தில் குறைவான அடியோ அவர் ஜெயித்தார். இரண்டாம் நாள் முடிவில் முதல் 50 இடங்களிலும் 50வது இடத்துக்குச் சமமாகவும் இருப்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அதற்குப் பெயர் கட். இவ்வளவு தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

முதலில் செய்ய வேண்டியது மைதானத்தைப் படிப்பது. ஆட்டக்காரர்களைப் பற்றி அப்புறம் படித்துக்கொள்ளலாம். கோல்ஃபில் மேஜர் என்று சொல்லப்படும் நாலு பெரிய போட்டிகளில் வருடாவருடம் ஒரே மைதானத்தில் நடப்பது மாஸ்டர்ஸ் ஒன்றுதான். ஆகையால் ஒரு தடவை படித்துவிட்டால் ஆயுசுக்கும் உதவும். அந்தக் கால கோல்ஃப் சாம்பியன் பாபி ஜோன்ஸும் கிளிஃபர்ட் ராபர்ட்ஸும் தொடங்கிய கிளப் அது. முதல் போட்டி நடந்தது 1934-இல். அதற்கு முன்னால் அந்த நிலம் பெரிய நர்சரியாக இருந்திருக்கிறது. அதனால் 18 ஹோல்களுக்கும் மரம், செடி, பூக்களின் பெயர்கள். 10வது கமேலியா, 13வது அசேலியா, 18வது ஹாலி. பூ பூக்கிற பருவத்தில் போட்டி நடப்பதால் டிவியில் அந்த 13வது ஹோல் கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு) பின்னால் இளஞ்சிவப்புப் பூக்கள் அடர்ந்து நிற்பதைப் பார்க்கலாம்.

மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 18 ஹோல்களையும் வரிசையாக எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். அடி கூடுகிற ஹோல்களுக்குச் சிவப்பு, அடி மிச்சமாகிற ஹோல்களுக்குப் பச்சை. முதல் ஒன்பதைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. 2வதும் 8வதும் பார் 5, அங்கே பர்டி எதிர்பார்க்கலாம். 4, 5 இரண்டும் கஷ்டம். போட்டியின் உயிர் இருப்பது 10 முதல் 18 வரையான பின் ஒன்பதில்.

10வது 495 யார்டு, கீழ்நோக்கிச் சரியும் பார் 4. பல்லாண்டுக் கணக்கில் மைதானத்தின் மிகக் கஷ்டமான ஹோல்களில் அதுவும் ஒன்று. 11வது 520 யார்டு, கிரீனுக்கு இடப்பக்கம் குளம். 12வது வெறும் 155 யார்டு. முன்னால் ரேஸ் கிரீக் ஓடை, பின்னால் பங்கர் என்கிற மணல் குழி, நடுவில் ஒல்லியாக ஒரு கிரீன். அந்த இடத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று உலகின் சிறந்த ஆட்டக்காரர்களாலேயே சொல்ல முடியாது. 11, 12, 13 சேர்ந்த மூலைக்கு ஆமென் கார்னர் என்று பெயர். 13வது 545 யார்டு பார் 5, இடப்பக்கம் வளைந்து போகும், கிரீனுக்கு முன்னால் ஓடை. 15வது 550 யார்டு பார் 5, அங்கேயும் கிரீனுக்கு முன்னால் குளம். இந்த இரண்டிலும் துணிந்து இரண்டாவது அடியிலேயே கிரீனைப் பிடிப்பவர்களுக்கு ஈகிள் வாய்ப்பு உண்டு, தவறினால் தண்ணீர். 16வது பார் 3-இல் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகக் கொடியை இடப்பக்கத் தாழ்வில் வைப்பார்கள். வலப்பக்க மேட்டில் பந்தை இறக்கினால் அது மெதுவாகத் திரும்பி, உருண்டு, குழியை நோக்கி வரும். 17, 18 இரண்டிலும் பார் எடுத்தாலே நிம்மதி.

இது மனசில் இருந்தால் யார் எந்த இடத்தில் என்று காட்டுகிற லீடர்போர்டைப் படிக்கிற விதமே மாறிவிடும். அதில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஸ்கோர். இன்னொன்று எத்தனை ஹோல் முடித்திருக்கிறார் என்பது. புதிதாகப் பார்ப்பவர்கள் ஸ்கோரை மட்டும் பார்ப்பார்கள். இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். 12 ஹோல் முடித்து மைனஸ் 9-இல் இருப்பவருக்கு 13, 15 இரண்டும் பாக்கி. 16 முடித்து மைனஸ் 9-இல் இருப்பவருக்கு 17, 18 மட்டும்தான் பாக்கி. போர்டில் இருவரும் சமம். உண்மையில் முதலாமவர் கை ஓங்கியிருக்கிறது. 9 ஹோல் முடித்தவர் முன்னிலையில் இருந்தால் சந்தோஷப்பட அவசரமே வேண்டாம். 10, 11, 12 இன்னும் வரவில்லை.

2016-இல் ஜோர்டன் ஸ்பீத் ஞாயிற்றுக்கிழமை 9 ஹோல் முடிக்கும்போது ஐந்து அடி முன்னிலை. 10-இல் போகி, 11-இல் போகி, 12-இல் இரண்டு பந்து ஓடையில் விழுந்து அந்தப் பார் 3-இல் 7 எடுத்தார். பட்டத்தை டேனி வில்லெட் கொண்டுபோனார். 2019-இல் ஃபிரான்செஸ்கோ மோலினாரி இரண்டு அடி முன்னிலையோடு 12-க்கு வந்து, பந்தை ஓடையில் போட்டு டபுள் போகி எடுத்தார். அதே குழுவில் ஆடிய டைகர் உட்ஸ் கொடியைப் பார்க்காமல், இடப்பக்கமாகப் பங்கருக்கு மேலே பத்திரமாக அடித்துப் பார் எடுத்தார். அன்றைக்கு அவர் பட்டம் ஜெயித்தது அந்தப் பத்திரமான அடியில்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். டிவியில் பார்க்க அது ரொம்பச் சாதாரணமான ஷாட். மைதானம் தெரிந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வியாழன், வெள்ளியில் எல்லாரையும் தொடராதீர்கள். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், போதும். என் வழக்கம் இப்படி: மனசுக்குப் பிடித்த ஒருவர், அந்த வருடம் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர், முதல் தடவையாக அகஸ்டாவுக்கு வரும் ஒருவர். மூன்றாமவரால் கிடைக்கிற சந்தோஷம் எதிர்பாராதது. 2023-இல் நான் அப்படிப் பிடித்துக்கொண்டது சாஹித் தீகலாவை. தெலுங்குக் குடும்பம், கலிபோர்னியாவில் வளர்ந்தவர். 16வது ஹோலில் கிரீனுக்கு வெளியிலிருந்து அவர் சிப் செய்த (லேசாகத் தூக்கி அடித்த) பந்து மேட்டில் ஏறி, திரும்பி, உருண்டு உருண்டு குழிக்குள் விழுந்தது. 2005-இல் டைகர் அதே ஹோலில் செய்ததைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அந்த நினைவு வந்திருக்கும். முதல் வருகையிலேயே முதல் பத்துக்குள் முடித்தார். இந்தியாவிலிருந்து போய் முதன்முதலில் மாஸ்டர்ஸ் ஆடியவர் ஜீவ் மில்கா சிங், 2007-இல். அப்புறம் அனிர்பான் லாஹிரியும் ஆடினார். நம் ஆள் ஒருவர் கட் தாண்டுவாரா என்று வெள்ளிக்கிழமை இரவு பார்ப்பது, பட்டத்துக்கான போட்டியைப் பார்ப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

முதல் நாள் ஸ்கோரை வைத்து யாரையும் தள்ளிவிடக்கூடாது. 2025 வியாழக்கிழமை ரோரி மெக்கில்ராய் 14 ஹோல் வரை மைனஸ் 4. அப்புறம் 15-இல் கிரீனுக்குப் பின்னாலிருந்து சிப் செய்த பந்து கிரீனைத் தாண்டி உருண்டு தண்ணீருக்குள் போனது, டபுள் போகி. 17-இல் இன்னொரு டபுள். கடைசியில் 72, அதாவது சரியாகப் பார். முதலிடத்தில் இருந்த ஜஸ்டின் ரோஸ் 65. ஏழு அடி வித்தியாசம். போர்டை மட்டும் பார்த்தவர்கள், ரோரி இந்த வருடமும் அவ்வளவுதான் என்றார்கள். ஹோல் ஹோலாக அவர் கார்டைப் பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. 18-இல் 16 ஹோல்களை அவர் அருமையாக ஆடியிருந்தார். வெள்ளிக்கிழமை 66, சனிக்கிழமை 66. சனியன்று முதல் ஆறு ஹோல்களிலும் தொடர்ந்து 3, 3, 3 என்றே கார்டில் விழுந்தது. மொத்த ஸ்கோரைவிடக் கார்டைத் திறந்து பார்ப்பதுதான் நல்லது. சின்னச் சின்ன போகிகளாக எட்டு இடத்தில் விட்டவர் ஆட்டத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. இரண்டு இடத்தில் மட்டும் மொத்தமாக விட்டவர் மறுநாளே எழுந்து வரலாம்.

சரி, நேரம். அகஸ்டாவில் ஏப்ரல் மாதத்தில் மணி நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே காலையில் முதல் ஆட்டக்காரர்கள் தொடங்கும்போது நமக்குச் சாயங்காலம் ஐந்து மணி சுமார். வியாழன், வெள்ளியில் இது சௌகரியம். ஆபீஸ் முடிந்து வந்து, நம் ஆள் காலை நேரக் குழுவில் இருந்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் அவர் ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். ஆட்ட நேர அட்டவணை செவ்வாய்க்கிழமையே வந்துவிடும். அதைப் பார்த்து யாரை எந்த நாள் பார்ப்பது என்று திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஆடுபவர் மறுநாள் மதியம் ஆடுவார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சனி, ஞாயிறு வேறு கதை. முன்னிலையில் இருப்பவர்கள் கடைசியாகத் தொடங்குவார்கள். 2025 ஞாயிறன்று ரோரியும் பிரைசன் டிஷாம்போவும் தொடங்கியது அங்கே மதியம் இரண்டரை, நமக்குச் சரியாக நள்ளிரவு 12. அவர்கள் 10வது ஹோலுக்கு வரும்போது மணி இரண்டைத் தாண்டிவிடும். சாயங்காலத்திலிருந்தே முழித்திருந்து, சரியாகப் பின் ஒன்பதில் கண் சொக்குவதற்குப் பதிலாக, சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குப் படுத்துப் பதினொன்றே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுவதுதான் என் முறை. இன்னும் சிக்கனமாகப் பார்க்க நினைப்பவர்கள் ஒன்றரைக்கு எழுந்தால்கூடப் போதும். திங்கட்கிழமை காலை மீட்டிங் எதுவும் வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் நேரம் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் புயல் மழைக்குப் பயந்து ஞாயிறு ஆட்டத்தை முன்னால் தள்ளி, மும்மூன்று பேராக விட்டார்கள். டைகர் தொடங்கியது நமக்குச் சாயங்காலம் ஏழு மணியை ஒட்டி. வீட்டில் எல்லாரும் முழித்திருக்கும் நேரத்தில் அந்த வெற்றியைப் பார்க்க முடிந்தது இந்தியாவில் இருந்த நமக்குப் பெரிய கொடுப்பினை. இதற்காகவே ஞாயிறு காலையில் ஒரு தடவை நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

நேரலை உரிமை யாரிடம் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். அந்த வாரத் திங்கட்கிழமையே அதைத் தேடிப் பார்த்து, சந்தா கட்ட வேண்டுமானால் கட்டிவிடுவது உத்தமம். அது எப்படி இருந்தாலும், மாஸ்டர்ஸின் சொந்த ஆப்பைப் போனில் வைத்திருங்கள். ஒவ்வொருவர் அடித்த ஒவ்வொரு ஷாட்டும் கொஞ்ச நேரத்தில் துண்டு வீடியோவாக அதில் வந்துவிடும். முக்கிய ஒளிபரப்பு ஒருதடவைகூடக் காட்டாத ஆளை ஹோல் ஹோலாகப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. அதில் ரேடியோ வர்ணனையும் உண்டு. எனக்கு அந்த ரேடியோவைக் கேட்பது தனிப் பிரியம். இரண்டு மணிக்கு டீ போடப் போகும்போது காதில் மாட்டிக்கொள்வேன். எங்கோ தூரத்தில் கூட்டம் ஆர்ப்பரிக்கும் சத்தம் கேட்கும். வர்ணனையாளர் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார். அது எந்த ஹோலிலிருந்து வந்தது, யாருக்கு வந்தது என்று அவரும் யோசிப்பார், நானும் யோசிப்பேன். அகஸ்டாவுக்குள் பார்வையாளர்கள் போன் கொண்டுபோகக்கூடாது. கையால் எண் மாற்றுகிற பெரிய போர்டுகள்தான் அங்கே செய்தி. போர்டில் ஒரு எண் மாறினதும் அங்கே நிற்கிற கூட்டம் போடும் சத்தம் இருக்கிறதே, பந்து விழும்போது போடும் சத்தத்துக்குச் சமமாக இருக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஆப்பில் ஸ்கோர் முன்னால் வரும், படம் பின்னால் வரும். ரோரி பட் செய்ய (கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டிவிட) குனியும்போதே, அது விழுந்ததா இல்லையா என்று போர்டில் வந்துவிட்டிருக்கும். ஆகவே கடைசி ஒரு மணி நேரம் எதை முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். எனக்குப் படம்தான் முக்கியம். அதனால் பின் ஒன்பதில் போர்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, என் தாளில் நானே பென்சிலால் ஸ்கோர் எழுதுவேன். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகனும் இதே பைத்தியம். அவனுக்கு அங்கே ஞாயிறு மதியம். படமும் எனக்கு முன்னாலேயே வந்துவிடும். "அண்ணா, 15-ஐப் பாருங்க!" என்று ஒரு மெசேஜ் வந்தாலே என் பாதி உயிர் போய்விடும். இப்போது இருவருக்கும் ஒரு உடன்பாடு உண்டு. கடைசிக் குழு 10-ஐத் தொட்டதும் வாட்ஸ்அப்பை மூடிவிட வேண்டும், முடிந்தபின் நான்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

பட்டிங் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதி வேதனை குறையும். டிவியில் ஆறடி தூரத்து பட் ரொம்பச் சுலபமாகத் தெரியும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் லட்சக்கணக்கான ஷாட்களை வைத்துக் கணக்குப் பார்த்தவர். அந்தக் கணக்குப்படி 8 அடி பட் விழுவது பாதிக்குப் பாதிதான். 5 அடி என்றால் நாலில் மூன்று தடவை விழும். 10 அடி என்றால் பத்தில் நாலு. 20 அடி போனால் ஏழு தடவைக்கு ஒரு தடவை. இந்த நாலு எண்களையும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவர் 20 அடி பட்டைத் தவறவிட்டால் அவரைத் திட்டத் தோன்றாது. 5 அடியிலிருந்து ஜெயிக்க வேண்டிய பட்டுக்கு ஒருவர் குனியும்போது, நாலில் ஒரு தடவை இது போகாது என்று தெரிந்திருப்பதால் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அந்த அடிப்பு 2025-இல் உச்சத்துக்குப் போனது. பின்னணி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரோரி மற்ற மூன்று மேஜர்களையும் 2014-க்குள் ஜெயித்துவிட்டார். மாஸ்டர்ஸ் மட்டும் பாக்கி. 2011-இல் நாலு அடி முன்னிலையோடு ஞாயிறைத் தொடங்கி, 10வது ஹோலில் பந்தை இடப்பக்கம் வீடுகள் இருக்கும் இடத்துக்கு அடித்து, கடைசியில் 80 எடுத்துத் தோற்றவர். 2014 ஆகஸ்டுக்குப் பிறகு எந்த மேஜரும் ஜெயிக்கவில்லை. நாலு மேஜரையும் ஜெயித்தவர்கள் அதுவரை ஐந்தே பேர்: சாராசென், ஹோகன், பிளேயர், நிக்லஸ், டைகர்.

ஞாயிறன்று இரண்டு அடி முன்னிலையில் தொடங்கி, முதல் ஹோலிலேயே டபுள் போகி. முன்னிலை போனது. இரண்டாவதில் டிஷாம்போ முந்தினார். மூன்றிலும் நாலிலும் ரோரிக்குப் பர்டி, டிஷாம்போவுக்குப் போகி. மறுபடி மூன்று அடி முன்னிலை. 9, 10 இரண்டிலும் பர்டி எடுத்து மைனஸ் 14. 2011-இல் அவரைக் கவிழ்த்த அதே 10-இல் பர்டி! அப்போதும் நான் நாற்காலியின் நுனியில்தான் இருந்தேன். தாளில் 11-க்கு நேரே சிவப்பு. 11-இல் போகி. 12-இல் நல்ல பார். சரி, இனி 13, பச்சை. அங்கேதான் அவர் துணியாமல், இரண்டாவது அடியை ஓடைக்கு முன்னாலேயே நிறுத்தினார். புத்திசாலித்தனமான முடிவுதான். மூன்றாவது அடிக்கு 80 சொச்சம் யார்டு, விரிந்த கிரீன். வெட்ஜ் என்கிற, குறைந்த தூரத்துக்குத் தூக்கி அடிக்கும் கிளப்பால் அடித்த அந்தச் சின்ன ஷாட் வலப்பக்கம் நழுவி, சரிவில் உருண்டு, ஓடைக்குள் போனது. தலையில் கைவைத்துக் குனிந்துவிட்டேன். டபுள் போகி. 14-இல் போகி. மைனஸ் 10.

15-இல் மரங்கள் வழியை மறைத்தன. 7 அயர்ன் கிளப்பால் பந்தை வலமிருந்து இடமாக வளைத்து, குளத்தைத் தாண்டி, குழிக்கு ஆறடியில் நிறுத்தினார். அந்த வாரத்தின் சிறந்த ஷாட் அதுதான் என்பேன். ஈகிள் பட் விழவில்லை, பர்டி. இதற்கிடையில் முன்னால் போன ஜஸ்டின் ரோஸ் பத்துப் பர்டிகளோடு 66 அடித்து, 18-இல் நீளமான பட்டை உள்ளே போட்டு மைனஸ் 11-இல் முடித்துவிட்டார். ரோரி 17-இல் குழிக்கு இரண்டடியில் பந்தை இறக்கிப் பர்டி எடுத்தார். 18-இல் ஒரு பார் போதும், பட்டம் அவருக்கு. 125 யார்டிலிருந்து அடித்த வெட்ஜ் ஷாட் வலப்பக்க பங்கரில். வெளியே எடுத்தபோது குழிக்கு ஐந்தடி. தாளின் ஓரத்தைப் பார்த்தேன். நாலில் மூன்று. இது அந்த நாலாவது தடவை.

இருவரும் சமம் என்பதால் பிளே-ஆஃப், அதாவது முடிவு தெரியக் கூடுதல் ஆட்டம், அதே 18-இல். கிட்டத்தட்ட அதே தூரம், அதே வெட்ஜ். பந்து குழிக்கு அப்பால் விழுந்து, சரிவில் பின்னோக்கி உருண்டு, குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ரோஸ் பார். ரோரி பர்டி. பட் செய்த கிளப்பைத் தூக்கி எறிந்துவிட்டு முட்டி போட்டு, நெற்றி புல்லில் பட அழுதார்.

நமக்கு அப்போது ஏப்ரல் 14 விடியற்காலை நாலரை மணி சுமார், சித்திரை 1. அம்மா நாகர்கோவில்காரர். முந்தின ராத்திரியே கண்ணாடி, மாம்பழம், பலாச்சுளை, கொன்றைப்பூ, நகை எல்லாம் தட்டில் அடுக்கிப் பூஜை அறையில் கனி வைத்திருந்தார். என்னைக் கண்ணை மூடிக் கூட்டிப்போக வந்தவர், ஹாலில் டிவி ஓடுவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாருடா அது? ஏன் இப்படி அழுறான்?"

"பதினோரு வருஷமாம்மா இதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு."

"ஜெயிச்சானா தோத்தானா?"

"ஜெயிச்சுட்டாரும்மா."

"அந்தப் பக்கம் நிக்கிறவனைப் பாரு, பாவம்," என்றார். ரோஸைச் சொன்னார். 2017-இலும் இதே அகஸ்டாவில் பிளே-ஆஃபில் செர்ஜியோ கார்சியாவிடம் தோற்றவர் என்று சொன்னதும் அம்மா சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெயித்தவருக்குத் தரும் பச்சைக் கோட்டை ரோரிக்குப் போட்டுவிடும்வரை இருவருமாகப் பார்த்துவிட்டுத்தான் கனி பார்க்கப் போனோம். கோல்ஃபைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் தோற்றவர் முகத்தை முதலில் கவனித்தார். அதிலிருந்து நானும் கடைசி பட் விழுந்ததும் ஜெயித்தவரோடு நிற்காமல், தோற்றவர் தொப்பியைக் கழற்றிக் கை கொடுப்பதுவரை பார்க்கிறேன். ரோஸ் அன்று ரோரியைக் கட்டிப்பிடித்து வாழ்த்திய விதத்தில் ஒரு பெரிய மனிதர் தெரிந்தார்.

முதல் தடவை ஒரு போட்டியை முழுசாகத் தொடர்ந்து பார்க்க நினைப்பவர்களுக்கு நான் மாஸ்டர்ஸைவிட ஜூலையில் பிரிட்டனில் நடக்கும் ஓப்பன் சாம்பியன்ஷிப்பைத்தான் சிபாரிசு செய்வேன். நேரம் நாலரை மணி நேரம்தான் பின்னால். ஞாயிறன்று கடைசிக் குழு தொடங்குவது நமக்குச் சாயங்காலம் ஏழு மணி சுமார். பதினொன்று, பதினொன்றரைக்குள் கோப்பை கைக்கு வந்துவிடும். தூக்கம் கெடாது, வீட்டில் உள்ளவர்களையும் கூட உட்காரவைக்கலாம். மைதானம் மட்டும் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் சிவப்பு, பச்சைத் தாளை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டும். கடலோர மைதானங்கள் என்பதால் அன்றைய காற்று எந்தத் திசை என்று பார்த்து, காலைக் குழுவுக்கும் மதியக் குழுவுக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒரு பாதிப் பேருக்கு வெயிலும் இன்னொரு பாதிப் பேருக்கு மழையும் காற்றும் வாய்ப்பது அங்கே சகஜம். வியாழக்கிழமை முதல் பந்து அடிக்கும்போது நமக்குக் காலை பதினொன்று. அன்று ஒரு நாள் லீவ் கேட்டு வைத்துவிட்டால் மீதியைப் போட்டி பார்த்துக்கொள்ளும்.